ஹெல்கேட் எஞ்சினில் வயர் போட்டபின் கவுலிங் மூடவில்லை

கவுலிங்கின் (எஞ்சினைச் சுற்றி மூடும் உறையின்) உட்புறத்தைத் தேய்க்காதீர்கள், வயரை மாற்றுங்கள். 1/48 அளவு ஹெல்கேட் போர்விமான மாடலின் எஞ்சினுக்கு 0.3 மி.மீ. செம்புக் கம்பியில் இக்னிஷன் வயர் போட்டதும் கவுலிங் ஏறவில்லை என்கிறீர்கள். அந்தக் கம்பியை 48ஆல் பெருக்கிப் பாருங்கள்: 14 மி.மீ.க்கு மேல் வரும். தோட்டத்துக் குழாய் மாதிரி! 0.15 மி.மீ. போதும்.

தடிமன் மட்டுமே காரணமாக இருக்காது. வயரை ராக்கர் மூடிக்கு (சிலிண்டர் உச்சியிலுள்ள வால்வு மூடிக்கு) மேலே ஏற்றி ஒட்டியிருப்பீர்கள் என்று நினைக்கிறேன். ஹெல்கேட்டின் ஆர்-2800 எஞ்சினில் ஸ்பார்க் பிளக் உச்சியில் இல்லை. சிலிண்டர் தலையின் முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று. 18 சிலிண்டருக்கு 36 வயர். பின்வரிசைக்குப் போகிறவை முன்வரிசைச் சிலிண்டர்களின் இடுக்கில் நுழைந்து போகும், கவுலிங் பக்கமே வராது.

எங்கே இடிக்கிறது என்று பார்க்க, கவுலிங்கின் உள்பக்கம் ஈரமான அக்ரிலிக் பெயின்டைத் தொட்டுவைத்து, மெதுவாகச் செருகி எடுங்கள். எஞ்சினில் பெயின்ட் ஒட்டிய இடம்தான் ஆள். பெரும்பாலும் அங்கே சூப்பர் குளூ முத்து முத்தாகத் திரண்டிருக்கும். கத்தி நுனியால் சுரண்டிவிடலாம்.

அப்புறம், மறுபடி ஒட்டும்போது கேனப்பியை (விமானி அறையின் கண்ணாடி மூடியை) பக்கத்தில் வைக்காதீர்கள். சூப்பர் குளூ ஆவி பட்டால் அந்தக் கண்ணாடிப் பகுதி வெள்ளையாகப் பூத்துவிடும்.