நுவரெலியாவில் மஸ்டா ஆர்எக்ஸ்-8 கார் விற்கிறேன், சும்மா பார்க்க வருபவர்களை எப்படித் தவிர்ப்பது?

விளம்பரத்தில் குறைகளையே முதலில் எழுதுங்கள். மஸ்டா ஆர்எக்ஸ்-8இன் 1.3 லீற்றர் ரோட்டரி என்ஜின் (பிஸ்டனுக்குப் பதிலாக முக்கோண ரோட்டர் சுழலும் வகை) பழுதில்லாவிட்டாலும் ஒயில் குடிக்கும்; எரியறைக்குள் ஒயில் செலுத்துவதே அதன் வடிவமைப்பு. பெட்ரோல் அடிக்கும்போதெல்லாம் ஒயில் மட்டமும் பார்க்க வேண்டும். நுவரெலியாக் குளிரில் ஸ்டார்ட் செய்து, முற்றத்துக்கு எடுத்து, சூடாகுமுன் நிறுத்தினால் உள்ளே பெட்ரோல் தேங்கி மறுபடி ஸ்டார்ட் ஆகாமல் அடம்பிடிக்கலாம். இதையும் மறைக்காதீர்கள்.

“லீற்றருக்கு எத்தனை கிலோமீற்றர் ஓடும்?” என்று தொடங்குபவரிடம் உண்மையைச் சொன்னால் போதும், அவரே போய்விடுவார். ரோட்டரிக்கென்றே உள்ள கருவியால் எடுத்த கம்ப்ரெஷன் (என்ஜினுக்குள் அழுத்தம் எவ்வளவு என்ற) அளவு இருக்கிறதா என்று கேட்பவர்தான் உங்கள் ஆள். அந்த அளவு எழுதிய தாளை முன்கூட்டியே எடுத்து வையுங்கள்.

டெஸ்ட் டிரைவா? முதலில் நீங்களே ஓட்டிக் காட்டுங்கள். 9,000 ஆர்பிஎம் (நிமிடத்துக்கு என்ஜின் சுற்றுகள்) சத்தம் கேட்கவே வரும் தம்பிமார் நிறையப் பேர் (ஆசை நியாயம்தான்!). முற்பணம் கையில் வராமல் ரம்பொட மலைப்பாதை வளைவுகளில் சாவியைக் கொடுக்காதீர்கள். மழையென்றால் அன்றைக்கே வேண்டாம்.