பிறந்த ஊர் எது என்று கேட்பவர்கள்

அன்புள்ள ஐயா,

கல்லூரிக் காலத்திலிருந்து உங்களை வாசித்து வருகிறேன். 2026 உலகக் கோப்பைக்கு அல்ஜீரியா தகுதி பெற்றிருக்கிறது. அந்த அணியின் கோல்கீப்பர்களில் ஒருவர் லூக்கா ஸிதான், பிரான்ஸுக்குக் கோப்பை வாங்கித் தந்த ஸினதீன் ஸிதானின் மகன். மார்செய்யில் பிறந்து, பிரான்ஸின் இளையோர் அணிகளில் ஆடிவிட்டு, பெரியவர்கள் அணியில் இடம் கிடைக்காததால் தாத்தாவின் நாட்டுக்கு ஆட வந்துவிட்டார். அணியில் இன்னும் பலர் இப்படித்தான். இது கூலிப்படை இல்லையா? ஒரு நாட்டின் அணி என்றால் அந்த மண்ணில் பிறந்தவர்கள்தானே ஆட வேண்டும்? இதைக் கேட்டால் உடனே காலனியம், வரலாறு என்று ஆரம்பித்துவிடுகிறார்கள். விளையாட்டை விளையாட்டாக மட்டும் பார்க்க முடியாதா? இந்திய அணியிலும் வெளிநாட்டில் இருக்கும் வம்சாவளியினரைச் சேர்க்கலாமா? அல்ஜீரியா முதல் சுற்றைத் தாண்டும் என்று நினைக்கிறீர்களா?

அன்புடன்,
ர., கோயம்புத்தூர்

அன்புள்ள ர.,

முதல் சுற்றைத் தாண்டுமா என்பதை ஜோசியரிடம் கேளுங்கள். அர்ஜென்டினா இருக்கும் பிரிவு அது, என்னிடம் ஆரூடம் எதுவும் இல்லை. மற்ற கேள்விகளுக்கு ஒரு வரியில் பதில் எழுதிவிட்டு நகர்ந்திருப்பேன். ஆனால் 2024 நவம்பரில் அல்ஜீரியக் கால்பந்து வீரர் ரஷீத் மெக்லூஃபி இறந்துபோன நாளிலிருந்து அவரைப் பற்றித்தான் கிடைப்பதையெல்லாம் படித்துக்கொண்டிருக்கிறேன். உங்கள் கடிதம் நேராக அங்கே வந்து கை வைத்துவிட்டது.

மெக்லூஃபி யார் என்று உங்களுக்குத் தெரிந்திருக்காது. தெரிந்திருந்தால் 'கூலிப்படை' என்று எழுதக் கை வந்திருக்காது. தம்பி, அந்தச் சொல் உங்களுடையது இல்லை. யாரோ காணொளியில் கத்தியதை அப்படியே எடுத்து வைத்திருக்கிறீர்கள். கடிதத்தில் மற்ற வாக்கியங்கள் எல்லாம் யோசித்து எழுதியவை. இது மட்டும் ஒட்டாமல் நிற்கிறது.

நான் புதுச்சேரிக்காரன். எங்கள் ஊருக்கும் அல்ஜீரியாவுக்கும் ஒரு நாள் பொதுவானது. 1954 நவம்பர் 1. புதுச்சேரியில் பிரெஞ்சு ஆட்சி இறங்கி நிர்வாகம் இந்தியாவின் கைக்கு வந்த நாள். அதே நாள் விடிவதற்கு முன்பு அல்ஜீரியாவில் ராணுவ முகாம்களும் காவல் நிலையங்களும் தாக்கப்பட்டன, ஏழரை ஆண்டுப் போர் தொடங்கியது. எங்களைக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டார்கள், அவர்களைக் கொடுக்கவில்லை. ஏனென்றால் பிரான்ஸின் சட்டப்படி அல்ஜீரியா காலனியே இல்லை, பிரான்ஸின் மாவட்டங்கள். பத்து லட்சம் ஐரோப்பியர்கள் அங்கே குடியேறியிருந்தார்கள். எங்கள் ஊர் ஒப்பந்தம் 1956இல் கையெழுத்தாகியும் பிரெஞ்சு நாடாளுமன்றம் அதை ஏற்கவில்லை. இதை ஒத்துக்கொண்டால் அல்ஜீரியாவுக்கும் அதே வழி என்று ஆகிவிடும் என்ற பயம். 1962 ஜூலையில் அல்ஜீரியா விடுதலை அடைந்தது, ஆகஸ்ட் 16ஆம் தேதி புதுச்சேரியின் இணைப்பு சட்டப்படி முடிந்தது.

என் சிறு வயதில் எங்கள் தெருவில் ஒரு சொல்தா தாத்தா இருந்தார். பிரெஞ்சு ராணுவத்தில் இருந்து பென்ஷன் வாங்கியவர்களை எங்கள் ஊரில் அப்படித்தான் சொல்வோம். இந்தோசீனாவிலும் அல்ஜீரியாவிலும் இருந்தவர். மாலையில் நண்பர்களோடு இரும்புக் குண்டு உருட்டி பெத்தாங் ஆடுவார். அல்ஜீரியாவைப் பற்றிக் கேட்டால் வெயிலைப் பற்றிப் பேசுவார், ரொட்டியைப் பற்றிப் பேசுவார், போரைப் பற்றி வாயைத் திறக்க மாட்டார். 1982 உலகக் கோப்பையில் அல்ஜீரியா மேற்கு ஜெர்மனியை 2-1 என்று அடித்த செய்தி பேப்பரில் வந்தபோது அதை நான்தான் அவருக்குப் படித்துக் காட்டினேன். பயிற்சியாளர்களில் ஒருவர் மெக்லூஃபி என்றதும் பேப்பரைக் கையில் வாங்கிக்கொண்டார். "செத்தீஃப்காரன். நாங்க அந்த ஊர்ல இருந்தப்ப அவனும் கூட்டாளிகளும் ஒரே ராத்திரியில காணாமப் போனானுங்க. முகாம்ல எவனுக்கும் சோறு இறங்கல" என்றார். ஏன் இறங்கவில்லை, கோபமா வருத்தமா என்று கேட்டேன். "ரெண்டும்தான்" என்று சொல்லிவிட்டுப் பெத்தாங் ஆடப் போய்விட்டார்.

அந்த ராத்திரியைத்தான் உங்களுக்குச் சொல்ல வேண்டும். 1958 ஏப்ரல். சுவீடனில் உலகக் கோப்பை தொடங்க இரண்டு மாதம்கூட இல்லை. மொனாக்கோ அணியின் முஸ்தஃபா ஸித்தூனி பிரான்ஸ் தேசிய அணியின் நடுத் தடுப்பாட்டக்காரர், உலகக் கோப்பைக்குப் போவது ஏறக்குறைய உறுதி. மெக்லூஃபிக்கு 21 வயது. முந்தைய ஆண்டுதான் சாந்த் எத்தியென் கிளப்புக்கு லீக் பட்டம் வாங்கித் தந்திருந்தார். பிரான்ஸுக்காகவும் ஆடியாகிவிட்டது. போதாததற்குக் கட்டாய ராணுவ சேவையில் இருந்தார், அதாவது நாட்டை விட்டு ஓடினால் படையை விட்டு ஓடிய குற்றம்.

அல்ஜீரிய விடுதலைக்குப் போராடிய தேசிய விடுதலை முன்னணிக்கென்று ஓர் அணி சேர்க்க, முகமது பூமெஸ்ராக் என்ற முன்னாள் ஆட்டக்காரர் பிரான்ஸ் முழுக்கச் சுற்றி, கிளப் கிளப்பாக அல்ஜீரிய ஆட்டக்காரர்களிடம் ரகசியமாகப் பேசியிருந்தார். ஒரு வார இறுதியின் ஆட்டங்களை ஆடி முடித்துவிட்டு ஆளுக்கொரு வழியாகக் கிளம்புவது என்று ஏற்பாடு. அந்த ஆட்டத்தில் மெக்லூஃபிக்குத் தலையில் அடிபட்டுவிட்டது, ஆஸ்பத்திரியில் கிடக்கிறார். அதே திட்டத்தில் இருந்த கெர்மாலியும் அரிபியும் காரை எடுத்துக்கொண்டு போய், பைஜாமாவோடு அவரைக் கிளப்பிக்கொண்டு வந்தார்கள். சுவிஸ் எல்லையில் காவலர் அவரை அடையாளம் கண்டுகொண்டார். கண்டுகொண்டு வாழ்த்தி அனுப்பினார். ஆட்டக்காரர்கள் மாயமான செய்தி அவர் காதுக்கு இன்னும் எட்டவில்லை. எல்லையில் மாட்டிக்கொண்டவர்களும் உண்டு. மற்றவர்கள் சுவிட்சர்லாந்து, இத்தாலி வழியாகத் துனீசியாவின் தலைநகர் தூனிஸ் போய்ச் சேர்ந்தார்கள்.

நாடு என்று ஒன்று இல்லை. கொடி உண்டு, சிறையில் இருந்த கவிஞர் ஒருவர் எழுதிக்கொடுத்த கீதம் உண்டு, இப்போது பதினொரு பேர். ஃபிஃபா அந்த அணியை ஏற்கவில்லை, அதோடு ஆடுகிறவர்களுக்கும் தண்டனை உண்டு என்று மிரட்டியது. ஆனாலும் நான்கு ஆண்டுகள் ஆடினார்கள். அரபு நாடுகள், கிழக்கு ஐரோப்பா, சீனா, வியட்நாம். ஹனோயில் ஹோ சி மின் அவர்களைச் சந்தித்தார். பெல்கிரேடில் யூகோஸ்லாவியாவை 6-1 என்று வீழ்த்தினார்கள். போகிற இடத்திலெல்லாம் முதல் தகராறே கொடிக்குத்தான். ஏற்றினால் பிரான்ஸ் கோபித்துக்கொள்ளும் என்று விருந்து கொடுப்பவர் தயங்குவார், ஏற்றாவிட்டால் ஆட மாட்டோம் என்று இவர்கள் நிற்பார்கள்.

ஸித்தூனிக்கு அப்போது வயது 29. உலகக் கோப்பை என்பது அவர் வாழ்க்கையில் இனி வரப்போவதில்லை. அதை அவர் கணக்குப் போடாமலா காரில் ஏறினார்? நீங்கள் ஒரு வேலையை விட்டு இன்னொரு வேலைக்குத் தாவும்போது சம்பளச் சீட்டை எத்தனை தடவை பார்ப்பீர்கள்? நான் பார்ப்பேன், அதனால்தான் கேட்கிறேன். இவர்கள் எல்லோரும் நல்ல சம்பளத்தை விட்டுவிட்டு, ஆளுக்கு ஒரே அளவான சொற்பச் சம்பளத்துக்கு, எப்போது முடியும் என்று தெரியாத ஒரு போரின் பக்கம் போனார்கள். கூலிப்படைக்கு இதைவிட நேர் எதிராக ஒன்று இருந்தால் சொல்லுங்கள்.

'விளையாட்டை விளையாட்டாக மட்டும் பாருங்கள்' என்ற உங்கள் புத்திமதிக்கு வருகிறேன். அதை மெக்லூஃபிக்குச் சொல்ல முடியுமா? அவர் ஊர் செத்தீஃப். 1945 மே 8, ஜெர்மனி சரணடைந்ததை ஐரோப்பா கொண்டாடிக்கொண்டிருந்த நாளில், அந்த ஊரில் அல்ஜீரியர்களும் ஊர்வலம் போனார்கள், தங்கள் கொடியோடு. கொடி பிடித்த இளைஞனைப் போலீஸ் சுட்டது. கலவரத்தில் நூறு ஐரோப்பியர்கள் அளவில் கொல்லப்பட்டார்கள். அதற்குப் பழிவாங்கலாக ராணுவமும் குடியேறிகளும் சுற்றுவட்டாரத்தில் கொன்றது ஆயிரக்கணக்கில். அல்ஜீரிய அரசு 45,000 என்கிறது, வரலாற்றாசிரியர்கள் பலர் அதைவிடக் குறைவாகச் சொல்கிறார்கள். மெக்லூஃபிக்கு அப்போது எட்டு வயது. அரசியலைப் போய் அவர் கலக்கவில்லை, ஐயா. அது ஏற்கெனவே அவர் ஊரின் தெருவில் கிடந்தது. இந்தப் புத்திமதியைச் சொல்கிறவர்கள் எல்லோரும், தங்கள் நாட்டின் கொடி யாரிடமும் அனுமதி கேட்காமல் மைதானத்தில் பறக்கும் சுகத்தில் இருப்பவர்கள். நானும் நீங்களும் அப்படித்தான் இருக்கிறோம். அந்தச் சுகத்தில் இருந்துகொண்டு அடுத்தவனுக்கு உபதேசம் செய்யக் கூடாது என்பதுதான் என் கோபம்.

சரி, பிறந்த மண். அதே 1958 உலகக் கோப்பையில் பிரான்ஸ் மூன்றாம் இடம் பிடித்தது. ஒரே தொடரில் 13 கோல் போட்டு, இன்றுவரை யாரும் நெருங்க முடியாத சாதனையைச் செய்தவர் ஜூஸ்த் ஃபோந்தேன். பிறந்தது மொராக்கோவின் மராகேஷ். அவருக்குப் பந்து கொடுத்த ரெமோன் கோப்பா போலந்துச் சுரங்கத் தொழிலாளர் குடும்பத்துப் பிள்ளை, உண்மைப் பெயர் கோப்பாஸெவ்ஸ்கி. அவர்களை ஏன் பிரான்ஸுக்கு ஆடினீர்கள் என்று நீங்கள் கேட்கவில்லை. செத்தீஃபில் பிறந்த மெக்லூஃபி பிரான்ஸ் அணியின் நீலச் சட்டை போட்டபோது அவர் பிறந்த ஊர் ஒரு பிரச்சினையாக இல்லை. அல்ஜீரியக் கபிலிய மலைக்கிராமத்திலிருந்து வேலை தேடி வந்தவரின் மகன் ஸினதீன் ஸிதான் 1998 உலகக் கோப்பை இறுதியாட்டத்தில் தலையால் இரண்டு கோல் போட்டபோது யாருக்கும் தோன்றவில்லை. அங்கிருந்து இங்கே வந்தால் ஒருங்கிணைப்பு, இங்கிருந்து அங்கே போனால் சந்தர்ப்பவாதம். ஒரு வழிச் சாலை. அந்தக் காவல் வேலையைக் கோயம்புத்தூரில் உட்கார்ந்துகொண்டு நீங்கள் ஏன் இலவசமாகப் பார்க்கிறீர்கள்?

லூக்காவுக்குப் பிரான்ஸ் அணியில் இடம் கிடைக்கவில்லை என்பது உண்மைதான். அதை மறுக்க மாட்டேன். 2014இல் அல்ஜீரிய அணியின் 23 பேரில் 16 பேர் பிரான்ஸில் பிறந்தவர்கள், அவர்களில் சிலர் வேறு வழியில்லாமல் வந்தவர்கள், சிலர் மனதார வந்தவர்கள், பலருக்கு இரண்டும். அந்த அணிதான் ஜெர்மனியைக் கூடுதல் நேரம்வரை இழுத்துப் போனது. 2019இல் ஆப்பிரிக்கக் கோப்பையை வென்ற அணியின் தலைவர் ரியாத் மஹ்ரெஸ் பாரிஸ் பக்கத்துச் சார்செல் நகரில் பிறந்தவர், பயிற்சியாளர் பெல்மாதியும் பிரான்ஸில் பிறந்தவர். அதே ஆண்டு அல்ஜீரியாவில் மக்கள் வாரா வாரம் தெருவில் இறங்கி, இருபது ஆண்டு நாற்காலியில் இருந்த அதிபர் பூத்தஃப்லிக்காவை இறக்கியிருந்தார்கள். அந்த ஊர்வலங்களில் பாடியவை பல, கால்பந்து ரசிகர்கள் மைதானத்தில் கட்டிய பாட்டுகள். சார்செல்காரன் அடித்த ஃப்ரீ கிக்குக்கு அல்ஜியர்ஸ் தெருவில் ஆடியவர்கள் அவன் பிறப்புச் சான்றிதழைக் கேட்கவில்லை.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன், இல்லையென்றால் நான் அல்ஜீரியாவைக் கோயிலாக்குகிறேன் என்று எழுதுவீர்கள். விடுதலை வாங்கியவர்கள் ஒற்றைக் கட்சி ஆட்சியை வைத்தார்கள். 1992இல் தேர்தலை ரத்து செய்தார்கள், அதைத் தொடர்ந்த பத்தாண்டு உள்நாட்டுப் போரில் லட்சத்துக்கும் மேல் செத்தார்கள். அதற்குச் சற்று முன்பு, 1990இல், அல்ஜியர்ஸில் நைஜீரியாவை 1-0 என்று வென்று அல்ஜீரியா முதல்முறை ஆப்பிரிக்கக் கோப்பையை வாங்கியது. பயிற்சியாளர் யார் தெரியுமா? ஆஸ்பத்திரியிலிருந்து மெக்லூஃபியைக் காரில் ஏற்றிய அதே கெர்மாலி. இரண்டே ஆண்டில் அந்த நாடு தன்னையே கடித்துக்கொண்டது. கால்பந்து ஒரு நாட்டைக் காப்பாற்றும் என்று நான் சொல்லவே இல்லை.

மெக்லூஃபி 1962இல் சாந்த் எத்தியெனுக்கே திரும்பினார். துரோகி என்று கல்லெறிவார்கள் என்று எதிர்பார்த்தார்கள். முதல் ஆட்டத்தில் அவர் காலுக்குப் பந்து வந்ததும் அரங்கம் அடங்கிப்போனது, ஓரிருவரைத் தாண்டி எடுத்துப் போனதும் கைதட்டியது என்று சொல்வார்கள். 1968 பிரெஞ்சுக் கோப்பை இறுதியாட்டத்தில் பொர்தோவை 2-1 என்று வென்றார்கள், இரண்டு கோலும் அவருடையது. கோப்பையைக் கையில் கொடுத்தவர் தெ கோல். படையை விட்டு ஓடியவன் கையில், அந்தப் போரின்போது நாட்டை ஆண்டவர். இதில் யார் எந்த மண்ணின் மைந்தன் என்று நீங்களே பிரித்துக் கொடுங்கள், எனக்குத் தெரியவில்லை.

இந்திய அணி பற்றிக் கேட்டிருந்தீர்கள். அல்ஜீரியர்கள் இரண்டு குடியுரிமை வைத்துக்கொள்ளலாம், இந்தியர்கள் வைத்துக்கொள்ள முடியாது. இந்தியாவுக்கு ஆட இந்திய பாஸ்போர்ட் வேண்டும், அதற்காகக் கையில் இருப்பதைத் துறக்க வேண்டும். துறந்து வருகிறவர் வரட்டும். ஆனால் இதைச் சாக்காக வைத்துக்கொண்டு உள்ளூரில் பிள்ளைகளுக்கு ஆட மைதானம் இல்லாததை மறந்துவிடுவார்கள் என்பது என் சந்தேகம். அதை விரிவாக இன்னொரு நாள் எழுதுகிறேன்.