கடலோரக் கேள்வி-பதில்: கல்மீனா, தேள்மீனா?

கேள்வி: மொரீஷியஸின் புளூ பே கடற்பூங்காவில் பாறையோடு பாறையாகக் கிடந்த ஒரு மீனை மேலிருந்து படமெடுத்தேன். மீனவர் 'லாஃப்' என்கிறார், கல்மீன்தானாம். மகன் அது தேள்மீன் என்கிறான். யார் சொல்வது சரி? – வாசகர், மாயேபூர்

பதில்: மேலிருந்து எடுத்த படத்தில் வாய் தெரியாது. அதனால் இதை வைத்து யார் பக்கமும் தீர்ப்புச் சொல்ல முடியாது. நிறமும் உதவாது, பாசி படிந்தால் இரண்டும் ஒன்றுபோலத்தான் இருக்கும். முகத்தைப் பாருங்கள். கல்மீனின் வாய் ஏறக்குறைய செங்குத்தாக வானம் பார்த்திருக்கும். கண்கள் தலை உச்சியில் விலகி நிற்கும், நடுவே பள்ளம். உடம்பில் செதில் இருக்காது; மருக்கள் மட்டும். பொய்க் கல்மீன் எனப்படும் தேள்மீனுக்கு வாய் சாய்வாக இருக்கும், செதில் உண்டு, முதுகு கூன் போட்டிருக்கும். மிரண்டால் நெஞ்சுத் துடுப்பைத் திருப்பும். உட்புறத்தில் ஆரஞ்சும் மஞ்சளும் கறுப்பும் பளிச்சென்று தெரியும். அதைப் பார்ப்பதற்காகக் குச்சியால் சீண்டாதீர்கள். ஒரு மீட்டராவது தள்ளி நின்று, மீனின் கண்மட்டத்துக்கு இறங்கி, பக்கவாட்டில் ஒரு படம், நேர் முகமாக ஒரு படம். அது போதும்.

இரண்டுமே விஷமுள்ளவை. கல்மீன் முதுகில் பெரும்பாலும் 13 முட்கள். ஒவ்வொன்றுக்கும் இரண்டு விஷப்பைகள். மிதிக்கும் அழுத்தத்திலேயே விஷம் ஏறிவிடும். மெல்லிய ரப்பர் செருப்பு இந்த முள்ளைத் தடுக்காது. குத்திவிட்டால், பொறுக்கக்கூடிய சூட்டில், 45 டிகிரி செல்சியஸைத் தாண்டாத வெந்நீரில் 30 முதல் 90 நிமிடம் காலை அமிழ்த்தி வையுங்கள். சூட்டைக் காயம்படாத கையால் பாருங்கள். வலியில் துடிக்கும் காலுக்குச் சூடு உறைக்காது, தோல் வெந்துவிடும். இறுகக் கட்டவோ, கீறவோ வேண்டாம். வலி தணிந்தாலும் மருத்துவமனைக்குப் போயே ஆக வேண்டும்.

கேள்வி: பிள்ளைகள் கரையில் சங்கு பொறுக்குகிறார்கள். எதைத் தொடக்கூடாது? – வாசகி, ஃப்ளிக்-அன்-ஃப்ளாக்

பதில்: கூம்புச் சங்கை. ஒரு முனை அகன்று, மறுமுனை குறுகி, வாய் நீளவாக்கில் முழு உடலுக்கும் ஓடும். சோழிக்கு அடிப்பக்கப் பிளவில் பல் வரிசை இருக்கும், கூம்புச் சங்குக்கு இருக்காது. மனிதரைக் கொல்லக்கூடியது புவியியல் கூம்பு: ஓடு மெல்லியது, வாய் மற்றவற்றைவிட அகலம். 'அகன்ற முனையைப் பிடித்தால் ஆபத்தில்லை' என்று சொல்லிக்கொடுப்பது பெரிய தவறு. துதிக்கை போன்ற அதன் குழல் எந்தப் பக்கமும் வளைந்து வந்து குத்தும். உள்ளே உயிர் இருக்கிறதா இல்லையா என்பது வெளியிலிருந்து தெரியாது. ஆகவே எந்தக் கூம்பையும் கையில் எடுக்க விடாதீர்கள்.

கேள்வி: கருநீல உடம்பில் வெள்ளை வளையங்களுள்ள சின்ன மீன் எது? – வாசகர், ரோஸ்ஹில்

பதில்: பேரரசத் தேவதை மீனின் குஞ்சாக இருக்கலாம், வளர்ந்தால் மஞ்சளும் நீலமுமாக வரி போட்டுக்கொண்டு வேறு மீனாகவே தெரியும். வால்பக்கத்துக் கோட்டைப் பாருங்கள். வட்டமாக மூடியிருந்தால் அதுதான். மூடாமல் பிறைபோல வளைந்து நின்றால் அரைவட்டத் தேவதை மீனின் குஞ்சு.