வொல்வோ 240 காருக்கு டர்போ எஞ்சினை வீட்டிலேயே மாற்ற முடியுமா?

முடியும். நான் செய்திருக்கிறேன். கனடாவில், டொராண்டோவின் ஸ்காபரோவில், ஒரே ஒரு கார் நிற்கக்கூடிய கராஜில், வாடகைக்கு எடுத்த எஞ்சின் கிரேனோடு நானும் மச்சானும் நான்கு வார இறுதிகள் வேலை செய்தோம். 1991ஆம் ஆண்டு 240 காருக்கு வொல்வோவின் இன்னொரு மொடலான 940 டர்போவின் எஞ்சின் பொருந்துமா என்று கேட்டிருக்கிறீர்கள். எஞ்சினை எங்கோ பார்த்து வைத்துவிட்டுத்தான் கேட்கிறீர்கள் என்று நினைக்கிறேன்.

டர்போ என்பது வெளியேறும் புகையால் சுழன்று எஞ்சினுக்குள் கூடுதல் காற்றைத் திணிக்கும் பாகம். அதைத் தவிர்த்தால் இரண்டு எஞ்சினும் ஒரே 2.3 லீட்டர் குடும்பம். எஞ்சின் தாங்கிகளும் கியர்பெட்டி சேரும் முகமும் அப்படியே பொருந்தும். 114 குதிரைவலு 162 ஆகும். அதன் கணினி, பெற்றோல் தெளிக்கும் இன்ஜெக்டர்கள், அந்தக் காற்றைக் குளிரவைக்கும் இன்டர்கூலர் எல்லாவற்றையும் சேர்த்தே வாங்குங்கள். இதைவிட அமெரிக்க வி8 எஞ்சின் போடலாமே என்று யாராவது வந்து எழுதுவார்கள். தாராளமாகப் போடட்டும். நான் பேசுவது வீட்டில் ஸ்பானரோடு முடிகிற வேலையைப் பற்றி.

என்னை வதைத்தது எஞ்சினை இறக்கிய வேலை அல்ல, புகை. முதல் நாள் ஓடிய பத்தாவது நிமிடத்தில் சைலன்சரிலிருந்து நீலப் புகை கிளம்பித் தெருவை மூடியது. டர்போவில் ஒயில் கசியாமல் தடுக்கும் சீல் போய்விட்டது என்றார்கள். நம்பினேன். 400 டொலருக்கு வேறு டர்போ வாங்கிப் பூட்டினேன். அதே புகை.

அன்றிரவு யாழ்ப்பாணத்தில் இருக்கும் அப்பாவை அழைத்தேன். அப்பா மெக்கானிக். தொண்ணூறுகளில், பொருளாதாரத் தடைக் காலத்தில், சில சொட்டுப் பெற்றோலில் ஸ்டார்ட் செய்து மண்ணெண்ணெயில் மொறிஸ் மைனர்களை ஓடவைத்தவர். டர்போவை ஒருநாளும் தொட்டதில்லை. "ஒயில் ஊற்றுகிற வாயில் ஒரு ரப்பர் கையுறையை மாட்டிவிட்டு ஸ்டார்ட் செய். ஊதுகிறதா பார்" என்றார். ஐந்து விரலும் விரிந்து கையுறை எழுந்து நின்றது.

பிளாக்கின் பக்கத்தில், காற்று உள்ளே போகும் குழாய்களுக்குக் கீழே, ஒயில் ஆவியைப் பிரிக்கும் கறுப்புப் பிளாஸ்டிக் பெட்டி ஒன்று இருக்கிறது. அது தார் பிடித்ததுபோல் அடைந்திருந்தது. எஞ்சினுக்குள் அழுத்தம் ஏறினால் டர்போவிலிருந்து ஒயில் கீழே வடிய முடியாது. சீலைத் தாண்டிப் புகைபோக்கிக்குள் போய் எரியும். நான் கழற்றி எறிந்த டர்போ நல்ல டர்போ.

கேள்விக்குச் சம்பந்தம் இல்லைதான், ஆனாலும் சொல்லிவிடுகிறேன். அந்த மாதம் ஒரு பிறந்தநாள் விழாவில் உறவினர் ஒருவர் என் நகங்களைப் பார்த்து, "கொப்பர் மாதிரிக் கிறீஸ் கையோடு திரியவா கனடா வந்தாய்?" என்று எல்லார் முன்னும் கேட்டார். அப்பாவின் அந்தக் கிறீஸ் கைதான் பிள்ளைகள் எங்கள் மூன்று பேரையும் படிக்க வைத்தது. அங்கேயே சொல்லியிருக்க வேண்டும். பேசாமல் இருந்துவிட்டேன், இன்றுவரை அது உறுத்துகிறது.

எஞ்சின் வெளியே இருக்கும்போதே அந்தப் பெட்டியையும் அதன் குழாய்களையும் புதிதாக மாற்றிவிடுங்கள். உள்ளே இறக்கிய பிறகு கை நுழையாது. ஓட்டுவதற்கு முன் காப்புறுதி நிறுவனத்துக்கு எழுத்தில் அறிவியுங்கள். நான் யாரையும் பயமுறுத்தவில்லை, விபத்து நடந்த பிறகு வாதாட முடியாது.

உங்கள் கார் மானுவலா, ஆட்டோவா என்று எழுதவில்லையே? மானுவல் என்றால் அதில் இருக்கும் எம்47 கியர்பெட்டி டர்போவின் இழுவையை நெடுநாள் தாங்காது. அதைத் தெரிந்துகொண்டு எஞ்சினுக்குப் பணம் கொடுங்கள்.