கேளுங்கள், சொல்கிறேன்: மரத்தை மட்டும் கேட்காதீர்கள்

கேள்வி: பெங்களூரு கப்பன் பூங்காவில் பருந்து ஒன்று குஞ்சு வளர்ப்பதாகப் போன இதழில் ஒரே வரி எழுதிவிட்டு நிறுத்திவிட்டீர்கள். எந்த மரம் என்று சொன்னால் ஞாயிற்றுக்கிழமை பேரனை அழைத்துப்போவேன்.
– ஒரு வாசகர், அல்சூர்

மரத்தைச் சொல்ல மாட்டேன், கோபித்துக்கொள்ளாதீர்கள். உங்கள் பேரன் மட்டும் வந்தால் பரவாயில்லை. அவன் பின்னால் நாற்பது செல்போன் வரும்.

நான் பார்த்தது பருந்தும் அல்ல, வல்லூறு. வைரி என்றும் சொல்வார்கள், ஆங்கிலத்தில் ஷிக்ரா. நகரத்து வானத்தில் வட்டமிடுவது கரும்பருந்து. வல்லூறு அப்படித் தன்னைக் காட்டிக்கொள்ளாது. புறா அளவுதான் இருக்கும். சாம்பல் முதுகு, மார்பில் செம்பழுப்பில் நெருக்கமான குறுக்குக்கோடுகள். இலைகளுக்கு நடுவே உட்கார்ந்துவிட்டால் பக்கத்துக் கிளைக்காரனுக்கும் தெரியாது.

முந்நூறு ஏக்கர் பூங்கா. தேடினால் நீங்களே கண்டுபிடிக்கலாம், ஆனால் கண்ணால் தேடாதீர்கள், காதால் தேடுங்கள். அணில்கள் ஒரே இடத்தில் விடாமல் கத்துகின்றனவா? அங்கே நில்லுங்கள். ‘கிட்டீ, கிட்டீ’ என்று இரட்டை இரட்டையாக ஒரு கூர்மையான குரல் வரும். அதையும் உடனே நம்பிவிடக் கூடாது. கரிச்சான் குருவி வல்லூறு போலவே கத்தி மைனாக்களை விரட்டும். நான் இரண்டு நாள் ஒரு கரிச்சானுக்குக் கீழே கழுத்து வலிக்க நின்றிருக்கிறேன். பிறகு மரத்தடியைப் பாருங்கள். புதரின் இலைகளில் சுண்ணாம்பை விசிறியதுபோல வெள்ளைத் தெறிப்பு இருந்தால் நிமிர்ந்து பார்க்கலாம். குஞ்சுகள் கூட்டின் விளிம்புக்குப் பின்பக்கமாக நகர்ந்துவந்து வெளியே பீய்ச்சுவதன் அடையாளம் அது. வீட்டை அசுத்தப்படுத்துவதில்லை.

கேள்வி: தாய், தகப்பன் இரண்டுமே இரை கொடுக்குமா?
– ஒரு கல்லூரி மாணவி, மர்பி டவுன்

தகப்பன் சம்பாதிக்கும், தாய் பரிமாறும். ஆண் சிறியது, கண் சிவப்பு. பெண் பெரியது, அதன் கண்ணில் மஞ்சள் ஓடும். ஓணானோ சின்னக் குருவியோ பிடித்துக்கொண்டு ஆண் பக்கத்து மரத்துக் கிளைக்கு வந்து குரல் கொடுக்கும். பெண் கூட்டிலிருந்து எழுந்துபோய் வாங்கிக்கொண்டு திரும்பும். நான் பார்த்த நாட்களில் இந்தக் கைமாற்றம் இரண்டு மூச்சு நேரத்துக்குமேல் நீடித்ததில்லை.

ஊட்டுவதைத்தான் பார்க்க வேண்டும். நான் முப்பது வருடம் லேத் இயந்திரத்தின் முன் நின்றவன், நூலிழை அளவெல்லாம் கண்ணுக்குப் பழக்கம். முதல் வாரத்தில் அது ஓணானைக் காலடியில் அழுத்திக்கொண்டு கிழித்த துண்டுகள், நாம் குழந்தைக்கு உரித்துக்கொடுக்கும் ஆரஞ்சுச் சுளையின் நார் அளவுகூட இல்லை. ஒவ்வொரு முறையும் தலையைச் சாய்த்துக் கொடுத்தது. அலகின் கொக்கி குஞ்சின் முகத்தில் படாமல் துண்டு மட்டும் முன்னால் நின்றது. வாயில் விழாமல் கீழே விழுந்ததைத் தானே தின்றது. மூன்றாவது வாரத்தில் இந்தக் கரிசனமெல்லாம் காணாமல்போனது. முழு ஓணானைப் போட்டுவிட்டுப் பறந்துவிட்டது. பெரிய குஞ்சு அதன்மேல் சிறகைக் கூடாரம்போல் விரித்துத் தம்பியை அண்டவிடவில்லை.

குஞ்சுகள் முதலில் மூன்று இருந்தன. ஒரே நாளில் பொரிப்பதில்லை என்பதால் கடைக்குட்டி எப்போதும் சிறியதாகவே இருந்தது. இரை குறைந்தால் அதற்குத்தான் கிடைக்காது. ஒரு திங்கட்கிழமை எண்ணினேன், இரண்டு. இன்னொரு முறை எண்ணினேன், இரண்டுதான். கீழே தேடவில்லை, தேடப் பிடிக்கவில்லை.

ஏப்ரல் கடைசியில் ஒரு மாலை ஆலங்கட்டி மழை. நான் ஓடிப்போய் பேண்ட் ஸ்டாண்டில் ஒதுங்கினேன். (இதை வைத்து மரத்தைக் கணக்குப் போடாதீர்கள். அறுபத்தேழு வயதிலும் நன்றாக ஓடுவேன்.) மழை விட்டதும் பைனாகுலரில் பார்த்தேன். தாய் இரண்டு சிறகையும் விரித்துக் கூட்டின்மேல் கவிழ்ந்திருந்தது, இறகெல்லாம் ஒட்டிப் பாதி உடம்பாகிவிட்டது. அதன் நெஞ்சுக்கடியிலிருந்து ஒரு வெள்ளைத் தலை எட்டிப் பார்த்தது.

கேள்வி: அணிலையும் குருவியையும் பிய்த்துத் தின்பதை எப்படி ஐயா ரசிக்கிறீர்கள்?
– ஓர் இல்லத்தரசி, சாந்தி நகர்

ரசிக்கவில்லை அம்மா, பார்க்கிறேன். அணில் பிடிபட்ட அன்று எனக்கும் காலைக் காப்பி இறங்கவில்லை. மறுநாள் கூட்டில் குஞ்சுகள் வாயைத் திறந்துகொண்டு நின்றபோது, ‘இன்னும் இரை வரவில்லையே’ என்று வானத்தைப் பார்த்ததும் நான்தான். என் மனசு அவ்வளவு யோக்கியம்.

கேள்வி: பருந்துகளுக்கு இறைச்சித் துண்டு வீசுகிறார்களே, நாமும் செய்யலாமா?
– ஒரு வாசகர், சிவாஜிநகர்

வேண்டாம். கையில் இருக்கும் பொட்டலத்தைப் பறிக்கப் பழகிவிடும். பிறகு அதைத் திட்டுவீர்கள்.

கேள்வி: எங்கள் குடியிருப்பு வேப்பமரத்தடியில் வல்லூறுக் குஞ்சு உட்கார்ந்திருக்கிறது. மனிதக் கை பட்டால் தாய் சேர்க்காது என்கிறார்கள். எடுக்கலாமா?
– ஒரு வாசகி, இந்திரா நகர்

கை பட்டால் சேர்க்காது என்பது கட்டுக்கதை. ஆனாலும் எடுக்காதீர்கள். சில வருடங்களுக்கு முன் லால்பாகில் நான் எடுத்தேன். இறகு முளைத்து, மார்பில் நீளநீளமாகப் பழுப்புத் தீற்றலோடு புல்லில் உட்கார்ந்திருந்தது. அநாதை என்று முடிவுகட்டி, அட்டைப்பெட்டியில் வைத்து வீட்டுக்குக் கொண்டுவந்து, பால்சோறு பிசைந்து வைத்தேன். என் மனைவி எட்டிப் பார்த்துவிட்டு, “அந்த மூக்கைப் பாருங்கள், பால்சோறு தின்கிற மூக்கா அது?” என்றாள்.

மாலையே அதே இடத்துக்குக் கொண்டுபோய்த் தலைக்குமேல் இருந்த கிளையில் ஏற்றிவிட்டேன். கையை எடுப்பதற்குள் மேலே இருந்து ஒன்று என் வழுக்கையை உரசிக்கொண்டு போனது. காலையிலும் அங்கேயேதான் இருந்திருக்கிறது, நான்தான் நிமிர்ந்து பார்க்கவில்லை.

குஞ்சுகள் ஏறக்குறைய ஒரு மாதத்தில் கூட்டைவிட்டு இறங்கும். பறக்கத் தெரியும், இறங்கத் தெரியாது. தரையில் விழுந்து முழிக்கும். அதன் பிறகும் பல நாள் பெற்றவை இரை கொண்டுவந்து கொடுக்கும். நீங்கள் செய்ய வேண்டியது, நாயையும் பூனையையும் பிள்ளைகளையும் ஒதுக்கிவிட்டுத் தூரமாக நின்று பார்ப்பதுதான். மாஞ்சா நூல் சிக்கியிருந்தாலோ ரத்தம் தெரிந்தாலோ வேறு கதை. காற்றுத் துளையிட்ட பெட்டியில் இருட்டாக வைத்து மூடுங்கள். தண்ணீரும் சோறும் வேண்டாம். வனத்துறைக்கோ பறவை மீட்புக்காரர்களுக்கோ உடனே சொல்லுங்கள். வீட்டில் வளர்க்க ஆசைப்படாதீர்கள், 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி அது குற்றம்.

கேள்வி: இப்போது போனால் அந்தக் குஞ்சுகளைப் பார்க்கலாமா?
– அல்சூர் வாசகரே, இரண்டாவது கடிதத்தில்

விடமாட்டீர்கள் போலிருக்கிறதே! இரண்டும் பறந்துவிட்டன. போன வாரம் வரை பக்கத்து மரங்களில் பசிக்குக் கத்திக்கொண்டிருந்தன, இந்த வாரம் சத்தமில்லை. கூடு ஒருபக்கம் சரிந்துவிட்டது. நேற்றுக் காலை ஒரு காகம் அதிலிருந்து நீளமான சுள்ளியாகப் பார்த்து உருவிக்கொண்டிருந்தது.