டாக்டரிடம் கேளுங்கள்: மண்டப அட்வான்ஸை ஆராய்ச்சிக்குக் கொடுக்கலாமா?

கேள்வி: டாக்டரம்மா, நான் ஐ.சி.எஃப்.பில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். மருமகளுக்கு ஐந்தாம் மாத ஸ்கேனில், குழந்தையின் முதுகுத்தண்டு மூடவில்லை, தலையிலும் நீர் சேர்ந்திருக்கிறது என்றார்கள். இரண்டு இடத்தில் காட்டிய பிறகு, கர்ப்பத்தைக் கலைப்பதென்று மகனும் மருமகளும் முடிவெடுத்தார்கள். வளைகாப்புக்குக் கொடுத்த மண்டப அட்வான்ஸ் திரும்ப வந்திருக்கிறது. அதோடு பழைய சகாக்களிடமும் வசூல் செய்து, இந்தக் குறைக்கான ஆராய்ச்சிக்குக் கொடுக்க ஆசை. எங்கே கொடுப்பது? என் மனைவியோ, நாலாம் மாதம் கிரகணத்தன்று மருமகள் வெளியே போனதுதான் காரணம் என்கிறாள்.
- வாசகர், வில்லிவாக்கம்

பதில்: ஐயா, கடைசி வரிக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். கரு உருவான நாளிலிருந்து சுமார் 28 நாளுக்குள் முதுகுத்தண்டு மூடிக்கொள்ள வேண்டும். அதாவது, நாள் தள்ளிப்போய் இரண்டு வாரம் ஆவதற்குள் அந்த வேலை முடிந்துவிடும். நாலாம் மாதக் கிரகணத்துக்கு இதில் எந்தப் பங்கும் கிடையாது. இந்தப் பத்தியை உங்கள் வீட்டம்மாவிடம் வாசித்துக் காட்டுங்கள், மருமகள் காதிலும் விழும்படி. வசூலை விட இதுதான் அவசரம்.

சரி, ஆராய்ச்சிக்கு வருவோம். 1991இல் வெளியான ஓர் ஆய்வைப் பற்றி உங்களுக்குச் சொல்ல வேண்டும். பிரிட்டனின் மருத்துவ ஆராய்ச்சிக் குழு, ஏழு நாடுகளில் 33 மையங்களில் அதை நடத்தியது. கலந்துகொண்டவர்கள் 1,817 பெண்கள். எல்லோருமே ஏற்கெனவே இப்படி ஒரு குழந்தையைச் சுமந்தவர்கள். அடுத்த கர்ப்பத்துக்கு முன்பிருந்தே சிலருக்கு ஃபோலிக் ஆசிட் என்ற வைட்டமின் மாத்திரை, மற்றவர்களுக்கு அது இல்லாத மாத்திரை. யாருக்கு எது என்று அவர்களுக்கே தெரியாது. முடிவில், ஃபோலிக் ஆசிட் சாப்பிட்ட பக்கம் ஆறு குழந்தைகளுக்கு இந்தக் குறை இருந்தது, மற்றப் பக்கம் 21. மறுபடி வரும் வாய்ப்பு 72 சதவீதம் குறைந்தது. இன்று எந்த மெடிக்கல் ஷாப்பிலும் கிடைக்கிற அந்தச் சின்ன மாத்திரையின் பலனை உலகத்துக்கு நிரூபித்துக் காட்டியவர்கள் உங்கள் மருமகளைப் போன்ற அம்மாக்கள்தான்.

அதனால்தான் சொல்கிறேன், உங்கள் குடும்பத்திடம் பணத்தை விடப் பெரிய ஒன்று இருக்கிறது: தகவல். பிறவிக் குறைகளுக்கான படிவங்களை நிரப்புவது என் வேலையில் ஒரு பகுதி. ஃபோலிக் ஆசிட் எப்போது தொடங்கினார், சர்க்கரை உண்டா, வலிப்புக்கு மாத்திரை சாப்பிட்டாரா, சொந்தத்தில் கல்யாணமா என்றெல்லாம் கட்டங்கள் இருக்கும். முதல் கட்டம்தான் அதிகம் காலியாகக் கிடக்கும். துக்கத்தில் இருப்பவர்களிடம் கேட்க எங்களுக்கும் வாய் வருவதில்லை. சென்னையில் ஃபீட்டல் கேர் ரிசர்ச் ஃபவுண்டேஷன் 2001இல் இந்தியப் பிறவிக் குறைபாடுகள் பதிவேட்டைத் தொடங்கியது. அதுபோன்ற பதிவேட்டில் இந்தக் கர்ப்பம் சேர்ந்ததா என்று ஸ்கேன் பார்த்த டாக்டரிடம் கேளுங்கள். சேரவில்லையென்றால், மருமகள் சம்மதித்தால், சேர்க்க வழியுண்டா என்று விசாரியுங்கள். ஸ்கேன் ரிப்போர்ட், ரத்தப் பரிசோதனை முடிவுகள், ஆஸ்பத்திரிச் சீட்டு எதையும் 'கண்ணில் படக் கூடாது' என்று தூக்கிப் போட்டுவிடாதீர்கள்.

பணம் கொடுப்பதும் நல்ல காரியம்தான். வயிற்றுக்குள் இருக்கும்போதே முதுகை மூடும் ஆபரேஷனைச் சோதித்த அமெரிக்க ஆய்வு 2011இல் வந்தது. ஒரு வயதுக்குள் தலைநீரை வடிக்கும் குழாய் தேவைப்பட்டது, பிறந்த பிறகு ஆபரேஷன் செய்தவர்களில் 82 சதவீதம், வயிற்றுக்குள்ளேயே செய்தவர்களில் 40. எல்லாக் குழந்தைக்கும் அது பொருந்தாது, தாய்க்கும் ஆபத்து உண்டு. உங்கள் பிள்ளைகள் எடுத்த முடிவை இதை வைத்துத் தயவுசெய்து அளக்காதீர்கள். இப்படிப்பட்ட ஆய்வுக்கு ஆகும் செலவு கொஞ்சமல்ல என்பதற்காகத்தான் சொல்கிறேன்.

கொடுக்கும் முன், எந்த ஆய்வு, யார் பொறுப்பு, மருத்துவமனையின் நெறிமுறைக் குழு அனுமதித்ததா என்று எழுத்தில் கேளுங்கள். மருந்தையோ ஆபரேஷனையோ சோதிக்கும் ஆய்வு என்றால் சி.டி.ஆர்.ஐ. எண், அதாவது இந்தியாவில் நடக்கும் மருத்துவ ஆய்வுகளுக்கான அரசுப் பதிவேட்டின் எண், இருக்க வேண்டும். அந்த இணையதளத்தில் யார் வேண்டுமானாலும் இலவசமாகத் தேடிப் பார்க்கலாம். 'ஆராய்ச்சி' என்று பொதுவாகச் சொல்லி எண் தரத் தயங்கினால், வேறு இடம் பாருங்கள். சகாக்களின் பணம் உங்கள் கணக்கு வழியாகப் போக வேண்டாம், அவரவரே நேராக அனுப்பி ரசீது வாங்கட்டும். ரொக்கமாக 2,000 ரூபாய்க்கு மேல் கொடுத்தால் நன்கொடைக்கான வரிச் சலுகை கிடைக்காது.

அப்புறம், வாட்ஸ்அப் குரூப்பில் செய்தி போடும் முன் மருமகளிடம் கேட்டீர்களா? கடிதத்தில் அவர் என்ன நினைக்கிறார் என்று ஒரு வார்த்தை இல்லை. அவர் வேண்டாம் என்றால் உங்கள் பங்கை மட்டும் சத்தமில்லாமல் கொடுத்துவிடுங்கள். ஸ்கேன் படமும் அவர் பெயரும் எந்தக் குரூப்புக்கும் போக வேண்டாம்.

அடுத்த குழந்தைக்குத் தயாராகும்போது, கர்ப்பத்துக்கு முன்பே, குறைந்தது ஒரு மாதம் முந்தியாவது, ஃபோலிக் ஆசிட் தொடங்க வேண்டும். வழக்கமான அளவு இவருக்குப் போதாது. 1991 ஆய்வில் தினமும் 4 மில்லிகிராம் கொடுத்தார்கள், நம்மூர்க் கடையில் 5 மில்லிகிராம் மாத்திரை கிடைக்கும். டாக்டரிடம் சொல்லிச் சீட்டு எழுதி வாங்கச் சொல்லுங்கள், மகனையும் கூட அனுப்புங்கள்.