ஒரு யூனிட் என்ன விலை? கரண்டு செயலியில் கட்டணம் போடுவது பற்றிக் கேள்வி பதில்

சுங்கை சிப்புட் வட்டாரத்தில் இருபது வருஷத்துக்கும் மேலாக வயரிங் வேலை செய்கிறேன். இப்போது பல வீடுகளில் கரண்டு அளக்கும் கருவியை வாங்கி வைத்துக்கொண்டு, மெயின் பெட்டியில் மாட்டித் தரச் சொல்கிறார்கள். மாட்டுவது அரை மணி நேர வேலை. அதன் பிறகு கைப்பேசிச் செயலி ‘ஒரு யூனிட் என்ன விலை?’ என்று கேட்கும். அங்கேதான் எல்லோரும் நின்றுவிடுகிறார்கள். போன ஞாயிறு கோயில் மண்டபத்தில் நம் தாமான்காரர்கள் கேட்டதையும் நான் சொன்னதையும் இங்கே எழுதியிருக்கிறேன். கணக்கு எல்லாம் தீபகற்ப மலேசியாவில் உள்ள வீடுகளுக்கு. சபா, சரவாக் கட்டணம் வேறு.

அண்ணே, செயலியில் ஒரே ஒரு கட்டம்தான் இருக்கிறது. பில்லில் நாலைந்து ரேட் இருக்கிறது. எதைப் போடுவது? எங்கள் வீட்டில் மாதம் 320 யூனிட் வரும். (டெர்ரஸ் வீட்டு அக்கா)

2025 ஜூலை 1 முதல் பில் மாறிவிட்டது, அக்கா. ஒரு யூனிட்டுக்கு மின்சாரத்துக்கு 27.03 காசு, கெப்பாசிட்டிக்கு (மின் உற்பத்தித் திறனுக்கு) 4.55 காசு, கம்பி வழி கொண்டு வருவதற்கு 12.85 காசு. மூன்றையும் கூட்டினால் 44.43 காசு. இதைப் பார்த்துப் பயப்பட வேண்டாம், கீழே ஒரு கழிவு வரும். பில்லில் ‘இன்செந்திஃப் செக்காப் தெனாகா’ என்று இருக்கும், அதாவது மின்சாரத்தைச் சிக்கனமாகப் பாவிப்பதற்கான ஊக்கக் கழிவு. 1,000 யூனிட் வரை பாவிக்கும் வீடுகளுக்கு அது உண்டு. குறைவாகப் பாவித்தால் கழிவு அதிகம். 200 யூனிட்டுக்குள் இருந்தால் யூனிட்டுக்கு 25 காசு கழியும். 301 முதல் 350 வரை 21 காசு. 351 முதல் 400 வரை 17 காசு. 551 முதல் 600 வரை 9 காசுதான். 900-ஐத் தாண்டினால் வெறும் அரைக் காசு.

உங்கள் 320 யூனிட்டுக்கு 44.43-இல் 21 போக 23.43 காசு. பெருக்கினால் சுமார் 75 வெள்ளி. 300 யூனிட்டைத் தாண்டியதால் புதுப்பிக்கத்தக்க எரிசக்தி நிதிக்கு 1.6 விழுக்காடு சேரும். ஆக 76 வெள்ளி. அதை 320-ஆல் வகுத்தால் ஏறக்குறைய 24 காசு. செயலியில் 0.24 என்று போடுங்கள். இந்தக் கணக்கெல்லாம் வேண்டாம் என்றால் கடைசி மூன்று பில்லை எடுத்து, மொத்த வெள்ளியை மொத்த யூனிட்டால் வகுத்துக்கொள்ளுங்கள். பழைய பாக்கி இருந்தால் அதைச் சேர்க்காதீர்கள்.

ஒரு வாரத்தில் நாலாயிரம் வெள்ளி காட்டுகிறதே! கருவி கெட்டுவிட்டதா? (பாசார் பக்கத்து வீட்டுத் தம்பி)

கருவி நன்றாகத்தான் இருக்கிறது. 44.43 என்று போட்டிருப்பீர்கள். செயலி அதை வெள்ளியாக எடுத்துக்கொள்ளும். 90 யூனிட் ஓடினாலே 3,998 வெள்ளி ஆகிவிடும். காசை நூறால் வகுத்துப் போட வேண்டும்: 44.43 காசு என்றால் 0.4443. அதிலும் கழிவு போக வரும் விலையைப் போடுவதுதான் சரி, அக்காவுக்குச் சொன்ன 0.24 போல. நாணயத்தையும் பாருங்கள், அமெரிக்க டாலரில் நின்றிருக்கலாம்.

என் செயலியில் படிப்படியாக ரேட் போட முடிகிறது. 200 வரை ஒரு விலை, அடுத்த 50-க்கு ஒரு விலை என்று எல்லாம் போட்டுவிட்டேன். ஆனால் பில் எப்போதும் செயலி சொல்வதைவிட அதிகமாக வருகிறது. (பாலிடெக்னிக் மாணவர்)

தம்பி, நீங்கள் கவனமாகத்தான் செய்திருக்கிறீர்கள். ஆனால் அந்தப் படி முறை பழைய கட்டணத்துக்குப் பொருந்துவது. முன்பு முதல் 200 யூனிட் 21.8 காசு, அடுத்த 100 யூனிட் 33.4 காசு, அதற்கு மேல் 600 வரை 51.6 காசு. நீங்கள் 350 பாவித்தாலும் முதல் 200 யூனிட் மலிவு விலையிலேயே இருக்கும். இப்போது அப்படி இல்லை. மாத மொத்தம் எந்தப் படியில் விழுகிறதோ, அந்தப் படியின் கழிவுதான் முதல் யூனிட்டிலிருந்து எல்லாவற்றுக்கும்.

உங்கள் முறையில் 350 யூனிட்டுக்கு செயலி 71 வெள்ளி 50 காசு சொல்லும். அந்த 1.6 விழுக்காட்டைச் சேர்க்காமலே பில்லில் வருவது 82 வெள்ளி. பத்து வெள்ளிக்கு மேல் இடிக்கிறது. படிகளை எடுத்துவிட்டு ஒரே சராசரி விலையைப் போடுங்கள்.

அப்படியானால் 350-ஐ ஒரு யூனிட் தாண்டினால் என்ன ஆகும்? (அதே மாணவர்)

எல்லோரும் கேட்க வேண்டிய கேள்வி இது. 350 யூனிட்டுக்கு 82 வெள்ளி. 351 ஆனால் 96 வெள்ளி 28 காசு. ஒரே ஒரு யூனிட்டுக்கு 14 வெள்ளி! 400-இலிருந்து 401-க்குப் போனால் 10 வெள்ளி கூடும். 600-ஐத் தாண்டினால் பல செலவு ஒன்றாக வந்து விழும்: மாதம் 10 வெள்ளி ரீடெயில் (வாடிக்கையாளர் சேவை) கட்டணம், மாதா மாதம் ஏறி இறங்கும் எரிபொருள் சரிக்கட்டல், 600-க்கு மேற்பட்ட பகுதிக்கு 8 விழுக்காடு சேவை வரி. 1,500-ஐத் தாண்டுகிற பெரிய வீட்டுக்கு எல்லா யூனிட்டுக்கும் 10 காசு கூடும். அந்த ஒரு யூனிட்டின் விலை 150 வெள்ளி.

அதனால்தான் செயலியில் வெள்ளியைவிட யூனிட்டைப் பாருங்கள் என்று எல்லா வீட்டிலும் சொல்லி வருகிறேன். ‘ஏர்கோன் இன்றைக்கு 1.20 வெள்ளி’ என்று அது காட்டுவது ஒரு மதிப்பீடுதான். மாதம் முடியும் வரை அந்த யூனிட்டின் உண்மை விலை யாருக்கும் தெரியாது. செயலியில் எச்சரிக்கை வைக்கும் வசதி இருந்தால் 310 யூனிட்டில் ஒன்று வையுங்கள். மாதக் கடைசியில் நாலு நாள் இருக்கும்போது 310-இல் நிற்கிறீர்கள் என்றால், அதே வேகத்தில் போனால் 350-ஐத் தாண்டிவிடும். குளியலறை ஹீட்டரை நிறுத்தினாலே போதும். 3.6 கிலோவாட் ஹீட்டர் பத்து நிமிஷம் ஓடினால் 0.6 யூனிட். நாலு பேர் குளித்தால் ஒரு நாளைக்கு 2.4 யூனிட். நாலு நாளில் கிட்டத்தட்ட பத்து யூனிட் மிச்சம்.

செயலி ஒன்றாம் தேதியிலிருந்து கணக்குப் பார்க்கிறது. என் பில் 17-ஆம் தேதி தொடங்குகிறது. பரவாயில்லையா? (ஆசிரியை)

மாற்றியே ஆக வேண்டும், டீச்சர். படி எல்லாம் பில் மாதத்தை வைத்துத்தான். ஒன்றாம் தேதிக் கணக்கில் 340 என்று நிம்மதியாக இருப்பீர்கள், பில் மாதத்தில் அது 365 ஆகியிருக்கும். ‘பில்லிங் சைக்கிள்’ என்ற இடத்தில் 17 போடுங்கள். மீட்டர் படிக்கும் தேதி ஓரிரு நாள் முன்பின் ஆகும். அதனால் புதுப் பில் வந்ததும் ஒருமுறை சரிபாருங்கள்.

எங்கள் காலத்தில் எல்.எல்.என். என்ற மின்வாரியம், இப்போது தெனாகா. நானும் கிழவியும்தான். பில் 38 வெள்ளிக்கு மேல் வந்ததில்லை. மகன் இந்தக் கருவியை வாங்கித் தருகிறேன் என்கிறான். வாங்கலாமா? (தோட்டத்தில் பால் மரம் வெட்டிய பெரியவர்)

வேண்டாம், ஐயா. 1990-இல் எல்.எல்.என். தெனாகா நேஷனல் ஆனதிலிருந்து எத்தனையோ முறை கட்டணம் மாறியிருக்கிறது. உங்களைப் போன்ற வீட்டுக்கு இப்போதைய முறை நல்லது. 200 யூனிட்டுக்கு 38 வெள்ளி 86 காசு, பழைய முறையில் 43 வெள்ளி 60 காசு. கருவிக்குப் போடும் காசைத் திரும்ப எடுக்க உங்கள் வீட்டில் வழியே இல்லை. மகனிடம் பழைய ஐஸ் பெட்டியின் கதவு ரப்பரை மாற்றித் தரச் சொல்லுங்கள், அது உதவும். லயத்திலிருந்து வந்தவர்களில் அரசாங்கத்தின் இ-காசிஹ் ஏழைகள் பட்டியலில் பரம ஏழை என்று பதிவானவர்களுக்கு மாதம் 40 வெள்ளி வரை மின்கட்டணக் கழிவு உண்டு. அக்கம்பக்கத்தில் யாராவது இருந்தால் சொல்லுங்கள்.

நேரத்துக்கு ஒரு விலை என்று ஒரு திட்டம் இருக்கிறதாமே? நான் இரவு ஷிப்ட். (தொழிற்சாலை ஊழியர்)

இருக்கிறது. ஸ்மார்ட் மீட்டர் இருந்தால் கேட்டு மாறிக்கொள்ளலாம். திங்கள் முதல் வெள்ளி வரை பிற்பகல் 2 முதல் இரவு 10 வரை உச்ச நேரம், மின்சாரம் 28.52 காசு. மற்ற நேரமும் சனி ஞாயிறும் 24.43 காசு. 27.03-உடன் ஒப்பிட்டால் உச்ச நேரத்தில் ஒன்றரைக் காசு கூடுதல், மற்ற நேரத்தில் 2.6 காசு குறைவு. உங்கள் பாவனையில் அறுபது விழுக்காட்டுக்கு மேல் உச்ச நேரத்தில் விழாதவரை லாபம்தான். மாதம் 400 யூனிட்டில் 100 மட்டும் உச்ச நேரம் என்றால் 6 வெள்ளிக்கு மேல் மிச்சம். நீங்கள் பகலில் ஏர்கோன் போட்டுத் தூங்குகிறவர், அதனால் இரண்டு மணிக்கு மேல் எவ்வளவு ஓடுகிறது என்று ஒரு மாதம் செயலியில் பார்த்துவிட்டு மாறுங்கள். மாறிய பிறகு செயலியில் இரண்டு விலையைப் போட்டு, நேரத்தையும் கிழமையையும் குறிக்க வேண்டும்.

ஹோம் அசிஸ்டன்ட் என்ற வீட்டுக் கருவிகளைக் கவனிக்கும் மென்பொருள் வைத்திருக்கிறேன். படி மாறும்போது விலையும் தானாக மாறும்படி எழுதினேன். அப்படியும் பில்லுடன் ஒத்துப்போகவில்லை. (கணினிக் கடைத் தம்பி)

அது ஒவ்வொரு சின்ன அளவையும் அந்த நேரத்து விலையால் பெருக்கிச் சேர்த்துக்கொண்டே போகும். 351 ஆனதும் புது விலை வரும், ஆனால் முன்பு போன 350 யூனிட் பழைய விலையிலேயே நிற்கும். செலவை அதனிடம் விடாதீர்கள். யூட்டிலிட்டி மீட்டர் ஒன்று வைத்து மாத யூனிட்டை எண்ணுங்கள். தனியாக ஒரு டெம்ப்ளேட் சென்சாரில் (நாமே கணக்கு எழுதும் இடம்) அந்த மொத்தத்தை அதன் படி விலையால் பெருக்குங்கள். 17-ஆம் தேதி பில் என்றால் ரீசெட் ஆஃப்செட், அதாவது ஒன்றாம் தேதியிலிருந்து தள்ளிவைக்கும் நாள், 16.

வாடகை வீடு, சப் மீட்டர். வீட்டுக்காரர் யூனிட்டுக்கு 60 காசு வாங்குகிறார்.

அப்படியானால் 0.60 போடுங்கள். உங்களுக்குப் படி கிடையாது. ஆனால் வீட்டுக்காரரிடம் பில்லைக் காட்டச் சொல்லிக் கேட்கலாம். மேலே உள்ள கணக்கைக் கொண்டுபோய்ப் பேசுங்கள்.

விலை எல்லாம் சரியாகப் போட்டும் யூனிட்டே குறைவாகக் காட்டுகிறது. (உணவுக்கடை மாடியில் குடியிருப்பவர்)

முதலில் தெனாகா மீட்டரை இன்று ஒருமுறை, ஏழு நாள் கழித்து ஒருமுறை படம் எடுத்து, வித்தியாசத்தைச் செயலியுடன் ஒப்பிடுங்கள். இரண்டு மூன்று விழுக்காடு என்றால் விட்டுவிடலாம். பாதிக்கும் கீழே என்றால் மூன்று ஃபேஸ் வீட்டில் ஒரே கிளாம்ப் (வயரைச் சுற்றி மாட்டும் அளவு வளையம்) மாட்டியிருக்கும். பூஜ்யம் காட்டினால் லைவ், நியூட்ரல் இரண்டையும் ஒரே கிளாம்புக்குள் விட்டிருப்பார்கள். ஒன்றை ஒன்று அடித்துவிடும், லைவ் மட்டும் உள்ளே போக வேண்டும். பெட்டியை நீங்களே திறக்காதீர்கள், பதிவு பெற்ற வயர்மேனைக் கூப்பிடுங்கள். அப்புறம் ஒன்று: கீழே கடை மீட்டருக்கு வீட்டுக் கட்டணம் பொருந்தாது. மாடி எந்த மீட்டரில் ஓடுகிறது என்று பில்லில் பார்த்துச் சொல்லுங்கள், அடுத்த ஞாயிறு வந்து பார்க்கிறேன்.